மலை வீடும் நிலவறைக் கோதுமையும்

அமெரிக்காவில் ஒரு வகை மனிதர்கள் இருக்கிறார்கள். நல்ல வேலை, கைநிறையச் சம்பளம், நகரத்தில் வீடு எல்லாம் இருக்கும். மனசு மட்டும் எங்கோ ஒரு மலைக்காட்டில் இருக்கும். ஒருநாள் கரண்ட் நிற்கும், வங்கி மூடும், லாரி ஓடாது, கடையில் ரொட்டி இருக்காது, பசித்த கூட்டம் தெருவுக்கு வரும் என்று உறுதியாக நம்புவார்கள். அந்த நாள் வருவதற்குள் ஊரைவிட்டு வெகுதூரம் தள்ளி ஒரு நிலம் வாங்கி, வீடு கட்டி, போர் போட்டு, நிலவறை முழுக்கக் கோதுமையும் பீன்ஸும் அடுக்கி வைத்துவிட வேண்டும் என்பது இவர்கள் திட்டம். 'ப்ரெப்பர்' என்று பெயர். தமிழில் ஆயத்தக்காரர்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

கேட்டவுடன் சிரிப்பு வரும். ஆனால் 2020 மார்ச்சில் கொரோனா வந்து கடை அலமாரிகள் காலியானபோது, சிரித்தவர்கள்தான் டாய்லெட் பேப்பருக்கு அடித்துக்கொண்டார்கள். 'வீட்டில் சில நாட்களுக்குத் தண்ணீரும் உணவும் வைத்திருங்கள், ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு காலன் தண்ணீர்' என்று அமெரிக்க அரசே குடிமக்களுக்குச் சொல்கிறது. ஆக பயப்படுவது தப்பில்லை. தப்பு எல்லாம் இவர்கள் போடும் கணக்கில்தான் இருக்கிறது. பி.காம். முதல் வருடம் படிக்கிற பையனிடம் இவர்கள் கணக்குப் புத்தகத்தைக் கொடுத்தால்கூட நாலு இடத்தில் சிவப்பு மையால் வட்டம் போட்டுவிடுவான்.

இந்த எண்ணம் புதிது அல்ல. 1999-ல் 'ஒய்2கே' பயம் வந்தபோது ஜெனரேட்டரும் உலர்ந்த உணவுப் பொட்டலங்களும் அங்கே அமோகமாக விற்றன. 2000 ஜனவரி 1 விடிந்தது, விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. அதோடு ஆசை அடங்கிவிடவில்லை. ஜேம்ஸ் வெஸ்லி ராவல்ஸ் என்ற எழுத்தாளர் 2005-ல் இதற்கென்றே ஒரு வலைப்பதிவு தொடங்கினார். 2011-ல் ஐடஹோ, மொன்டானா, வயோமிங் மாநிலங்களையும், ஆரிகன், வாஷிங்டன் மாநிலங்களின் கிழக்குப் பகுதிகளையும் சேர்த்து 'அமெரிக்கக் கோட்டை' என்று பெயர் வைத்து, நிலைமை கெடும் முன் இங்கே குடிவந்துவிடுங்கள் என்று அழைத்தார். ஜனத்தொகை குறைவு, தண்ணீர் உண்டு, காடு உண்டு என்பது வாதம். பலர் போனார்கள், இன்னும் போகிறார்கள். தன் சொந்த வீடு எங்கே இருக்கிறது என்பதை மட்டும் அவர் வெளியே சொல்வதில்லை!

சரி, கணக்குக்கு வருவோம்.

ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 2,000 கலோரி என்று வைத்தால் வருடத்துக்கு 7,30,000 கலோரி. அரிசியோ கோதுமையோ ஒரு கிலோவில் ஏறக்குறைய 3,500 கலோரி. அதாவது வெறும் தானியத்திலேயே வயிற்றை நிரப்ப ஒரு ஆளுக்கு வருடத்துக்கு 200 கிலோவுக்கு மேல் வேண்டும். நாலு பேர் குடும்பத்துக்கு 800 கிலோ தாண்டும். இது உட்கார்ந்திருப்பவர் கணக்கு. மரம் பிளந்து, மண் வெட்டி, பனியில் நடந்து வேலை செய்கிறவருக்கு 3,000 கலோரியும் போதாது. ஐடஹோ, மொன்டானாவின் மலைப் பகுதிகளில் குளிர்காலத்தை விறகை மட்டும் நம்பி ஓட்டுவதென்றால், முந்தைய வருடமே வெட்டிக் காயவைத்த விறகு மலைபோல வேண்டும். பச்சை விறகு புகையும், எரியாது. ஆக உணவைச் சேமிக்க உழைப்பு வேண்டும், உழைப்புக்கு உணவு வேண்டும். சேமித்ததில் பாதி, சேமிப்பைக் காப்பாற்றவே போய்விடும்.

வணிகவியலில் சரக்கிருப்பை மதிப்பிட 'முதலில் வந்தது முதலில் செல்லும்' என்று ஒரு முறை உண்டு. பழைய சரக்கை முதலில் எடுப்பது, புதியதைப் பின்னால் வைப்பது. மளிகைக் கடை அண்ணாச்சிக்கு யாரும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் மலை வீடு வாங்குகிறவர் செய்வது என்ன? இருபத்தைந்து வருடம் கெடாது என்று விளம்பரம் செய்த டப்பாக்களை வாங்கி அடுக்கிப் பூட்டிவிட்டு, நகரத்துக்குத் திரும்பி வந்து பீட்ஸா சாப்பிடுகிறார். வெள்ளை அரிசியைக் காற்றுப் புகாமல் அடைத்தால் முப்பது வருடம்கூட இருக்கும், உண்மை. கைக்குத்தல் அரிசி அப்படி அல்ல. அதிலுள்ள எண்ணெய் ஒரு வருடத்துக்குள்ளேயே கசக்க ஆரம்பிக்கும். சமையல் எண்ணெயும் ரொம்ப நாள் தாங்காது. பெட்ரோல் ஓராண்டுக்குள் கெட ஆரம்பிக்கிறது. சோலார் பலகை இருபது வருடத்துக்கு மேல் உழைத்தாலும், கூட வைத்த ஈய பேட்டரி சில வருடங்களில் செத்துப்போகும். 'பேரழிவு விதைப் பெட்டி' என்று தகர டப்பாவில் விதை விற்கிறார்களே, அதில் வெங்காய விதையை இரண்டு வருடம் கழித்துப் போட்டால் பாதி முளைத்தாலே அதிர்ஷ்டம். கலப்பின விதையாக இருந்தால், அதிலிருந்து எடுத்த விதை தாயைப் போல் விளையாது.

இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்கள் கதை இன்னும் மோசம். குளிர்பெட்டிக்கு வெளியே நாலு வாரம், அவ்வளவுதான். வீட்டில் ஒரு சர்க்கரை நோயாளி இருந்தால் அந்தக் குடும்பத்துக்கு மலை வீடு பாதுகாப்பா, ஆபத்தா என்று கேட்க வேண்டும். மருந்துக் கடையிலிருந்து எத்தனை மைல் தள்ளிப் போகிறார்களோ அத்தனை மைல் ஆபத்தை நெருங்குகிறார்கள்.

ஆக, இவர்கள் சொத்து என்று எழுதி வைத்திருப்பதில் பெரும்பகுதிக்கு வருடா வருடம் தேய்மானம் கழிக்க வேண்டும். யாரும் கழிப்பதில்லை. வாங்கிய விலையிலேயே மனசுக்குள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் உண்மையிலேயே கணக்குப் போட்டு வாழ்ந்த ஒரு தம்பதி இருந்தார்கள். அவர்களைப் பற்றிச் சொல்லாமல் இந்த விஷயத்தைப் பேசுவது நியாயமாகாது. ஸ்காட் நியரிங் பொருளாதாரப் பேராசிரியர். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற வார்ட்டன் வணிகப் பள்ளியில் பாடம் நடத்தியவர். குழந்தைத் தொழிலாளர் முறையை எதிர்த்துப் பேசிவந்த அவரை 1915-ல் வேலையிலிருந்து நீக்கினார்கள். முதல் உலகப் போரை எதிர்த்து எழுதியதற்காக வழக்குப் போட்டார்கள், விடுதலையானார். பெரும் பொருளாதார மந்தம் அமெரிக்காவை வாட்டிக்கொண்டிருந்த 1932-ல், ஐம்பதை நெருங்கும் வயதில், ஹெலனோடு வெர்மான்ட் மாநில மலைப்பகுதியில் ஒரு பாழடைந்த பண்ணையை வாங்கிக் குடிபோனார். வேலையும் சந்தையும் கைவிட்டாலும் தங்கள் சோற்றைத் தாங்களே விளைவித்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் எண்ணம்.

இருவரும் கல் பொறுக்கித் தங்கள் கையாலேயே வீடு கட்டினார்கள். சைவ உணவு. ஆடு மாடு கோழி எதுவும் வளர்க்கவில்லை. நாளில் நாலு மணிநேரம் சோற்றுக்கான உழைப்பு, நாலு மணிநேரம் படிப்பும் எழுத்தும், நாலு மணிநேரம் மனிதர்களோடு என்று பிரித்துக்கொண்டார்கள். ஆயத்தக்காரர்கள் கவனிக்க வேண்டியது அடுத்த விஷயம். வரி கட்டவும் உப்பு வாங்கவும் பணம் வேண்டும் என்பதை அவர்கள் மறக்கவே இல்லை. மேப்பிள் மரத்தின் சாறைக் காய்ச்சிப் பாகு எடுத்து விற்றார்கள். ஏறக்குறைய நாற்பது லிட்டர் சாறு காய்ச்சினால் ஒரு லிட்டர் பாகு. நாட்கணக்கில் அடுப்பு எரிய வேண்டும். வருடத்துக்குத் தேவையான பணம் சேர்ந்ததும் உற்பத்தியை நிறுத்திவிடுவார்கள். லாபத்தைப் பெருக்க வேண்டும் என்று சொல்லித்தரும் வார்ட்டனில் பாடம் எடுத்தவர் இப்படி! 1954-ல் இவர்கள் எழுதிய புத்தகம் 1970-ல் மறுபதிப்பாகி, ஆயிரக்கணக்கான இளைஞர்களை கிராமத்துக்கு இழுத்தது. ஸ்காட் நூறு வயது முடித்து 1983-ல் இறந்தார்.

ஆனால் இந்தக் கணக்கிலும் எழுதாத வரவுகள் இருந்தன. பரம்பரைச் சொத்தாக வந்த பணம் பின்னால் இருந்தது என்பது பிற்காலத்தில் வெளியே தெரிந்தது. எழுத்தும் மேடைப்பேச்சும் வருமானம் தந்தன. பின்னாளில் மெய்ன் மாநிலத்தில் இருந்த பண்ணைக்கு வந்துபோன இளைஞர்கள் சம்பளம் இல்லாமல் வேலை செய்தார்கள். இதைச் சொல்லி அவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று திட்டுகிறவர்கள் உண்டு. அது அநியாயம், உழைப்பு உண்மையான உழைப்புதான். ஆனால் வெளிப்பணமும் வெளியாட்களும் இல்லாமல் இரண்டு பேர் மட்டும் ஒரு பண்ணையை நடத்திக் காட்டினார்கள் என்று அந்தப் புத்தகத்தை வாசித்தவர்கள் தவறாக வாசித்தார்கள். வெர்மான்டில் அண்டை வீட்டாரோடு ஒரு கூட்டு வாழ்க்கையை உருவாக்க முயன்று தோற்றதை நியரிங் தம்பதியே அதில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பக்கங்களை மட்டும் யாரும் அடிக்கோடிட்டதாகத் தெரியவில்லை.

கணக்கு இப்படி என்றால், பரீட்சை எப்படி?

பரீட்சை 2024 செப்டம்பரில் வந்தது. ஹெலீன் புயல் ஃப்ளோரிடாவில் கரையேறி, அடுத்த நாள் வட கரோலினாவின் மேற்கு மலைகளைப் புரட்டிப்போட்டது. கடலிலிருந்து வெகுதூரம், உயரமான இடம், புயல் பயம் இல்லை என்று நம்பப்பட்ட பகுதி. அந்த மாநிலத்தில் மட்டும் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். மேற்குப் பகுதியின் எல்லாச் சாலைகளும் மூடப்பட்டதாகவே கருதுங்கள் என்று போக்குவரத்துத் துறை அறிவித்தது. சில மலைக் குடியிருப்புகளுக்கு கோவேறு கழுதைகள் மேல் உணவு போனது. ஆஷ்வில் நகரத்தில் குடிக்கத் தகுந்த குழாய்த் தண்ணீர் நவம்பர் 18 அன்றுதான் திரும்ப வந்தது.

குழாய்த் தண்ணீரை நம்பிய நகரத்தான் தவித்தான், சொந்தக் கிணறு வைத்திருந்த மலைக்காரன் தப்பித்தான் என்று நினைக்கலாம். இல்லை. அமெரிக்காவில் நாலு கோடிக்கும் மேற்பட்டவர்கள் சொந்தக் கிணற்றை நம்பி வாழ்கிறார்கள். பெரும்பாலும் ஆழ்துளைக் கிணறு, உள்ளே மின்சார மோட்டார். கரண்ட் போனதும் மலை வீட்டிலும் தண்ணீர் நின்றது. நிலத்துக்கு மேலே நிற்கிற சாதாரண அடி பம்பு ஏழெட்டு மீட்டர் ஆழத்துக்குக் கீழே உறிஞ்சாது, அது இயற்பியல். அதற்குக் கீழே என்றால் கிணற்றுக்குள்ளேயே பிஸ்டன் இறக்கும் வேறு வகைக் கைப்பம்பு வேண்டும். அதை வாங்கிப் பொருத்தி வருடத்துக்கு ஒருமுறையாவது அடித்துப் பார்த்தவர் எத்தனை பேர்? துப்பாக்கிக்குச் செலவழித்ததில் கொஞ்சம் இதற்குப் போயிருக்கலாம்.

கரண்டும் சாலையும் நின்றால் என்ன ஆகும் என்பது தமிழ் வாசகர்களில் ஒரு பகுதியினருக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிய வேண்டிய விஷயம் அல்ல. 1990-ல் போர் மீண்டும் மூண்ட பிறகு யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் போனது. மண்ணெண்ணெய், பேட்டரி, சவர்க்காரம், சீமெந்து என்று தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியல் நீண்டது. அங்கே யாரும் நிலவறையில் எதையும் அடுக்கி வைத்திருக்கவில்லை. ஜாம் போத்தலில் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு, திரி போட்டு, சின்னச் சுடரில் பிள்ளைகள் படித்தார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்டார்கள். பனம்பழத்தைப் பிசைந்து துணி துவைத்தார்கள். ஆழம் குறைந்த கிணறுகள், வாளியும் கயிறும் போதும். ஒரு வீட்டில் கண்டுபிடித்த உபாயம் அடுத்த வாரமே ஒழுங்கை முழுக்கப் பரவியிருக்கும். இதைச் சாகசக் கதையாக்கிவிடக் கூடாது. மருந்து இல்லாமல் மனிதர்கள் செத்தார்கள், அது மனிதர்கள் மனிதர்கள்மேல் போட்ட தடை. ஆனாலும் அந்த உபாயங்கள் எல்லாம் அண்டை அயல் நெருக்கமாக இருந்ததால் பிறந்தவை. அடுத்த வீடு இரண்டு மைல் தள்ளி இருந்தால் ஜாம் போத்தல் விளக்கை யார் யாருக்குச் சொல்லியிருப்பார்கள்?

வட கரோலினாவிலும் நடந்தது அதுதான். மலைகளில் பல இடங்களில் முதலில் வந்தவர்கள் அரசாங்கத்தார் அல்ல, செயின்சாவோடு வந்த பக்கத்து வீட்டுக்காரர்கள். தன்னார்வத் தீயணைப்பு நிலையங்களும் தேவாலயங்களும் சாப்பாடு, தண்ணீர், தகவல் எல்லாவற்றுக்கும் மையமாயின. செல்போன் செத்துக் கிடந்தபோது, மிட்செல் மலையில் இருந்த அமெச்சூர் ரேடியோ நிலையத்தின் வழியாகத்தான் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று பலருக்குத் தெரிந்தது. இன்னொரு விஷயம், வணிகவியல் மாணவர்களுக்குப் பிடிக்கும். கார்டு இயந்திரங்கள் வேலை செய்யாததால் திறந்திருந்த கடைகளில் ரொக்கம் மட்டுமே செல்லுபடியானது. பத்து அவுன்ஸ் தங்கம் புதைத்து வைத்தவருக்கு அந்த வாரம் பால் வாங்க இருபது டாலர் நோட்டுதான் உதவியிருக்கும்.

கணக்கியலில் 'நற்பெயர்' என்று ஒரு சொத்து உண்டு. கண்ணுக்குத் தெரியாது, கையில் பிடிக்க முடியாது, ஆனால் கடையை விற்கும்போது அதற்கும் விலை உண்டு. வருடக்கணக்கில் வாடிக்கையாளரோடு ஒழுங்காக நடந்துகொண்டதால் சேர்ந்தது அது. மலை வீட்டுக் கணக்கில் இல்லாத சொத்து இதுதான். இல்லாதது மட்டுமல்ல, வேண்டுமென்றே அழிக்கப்படுகிறது. எங்கே இருக்கிறோம் என்று யாருக்கும் சொல்லாதே, என்ன வைத்திருக்கிறாய் என்று காட்டாதே, வருகிறவனைச் சந்தேகி என்பவைதான் இந்த உலகத்தின் பால பாடங்கள். நெருக்கடி வந்த அன்று வேலியோரம் வந்து நிற்பவர் கேட்கப் போகிறாரா, கொடுக்கப் போகிறாரா என்று தெரியாது. அவர் கையில் இருப்பது உடைந்த பம்பைச் சரிசெய்யும் ஸ்பானராகக்கூட இருக்கலாம். பெயர்கூடத் தெரியாத ஆளாக அவரை வைத்திருந்தால், துப்பாக்கியை எடுப்பதைத் தவிர வேறு வழி தோன்றாது.

இதற்கு நேர் எதிரான ஒரு வழக்கம், 'கோட்டை'க்குத் தெற்கே, பக்கத்து மாநிலமான யூட்டாவிலேயே இருக்கிறது. மார்மன் சபையினர் வீட்டில் உணவு சேமிப்பதை மதக் கடமைபோலவே சொல்லி வருகிறார்கள். 1936-ல், மந்தம் இன்னும் தீராதபோது, சபையே ஒரு நலத் திட்டம் தொடங்கியது. 2007-ல் குடும்பங்களுக்குச் சுருக்கமாக ஒரு வழிகாட்டி வெளியிட்டார்கள். முதலில் தினமும் சாப்பிடுகிற உணவிலேயே மூன்று மாதத்துக்குச் சேர், குடிநீர் வை, கொஞ்சம் பணம் சேமி, அதன் பிறகே நீண்டகாலத் தானியம். தானியம் மாதத்துக்கு ஆளுக்கு 11 கிலோ என்றும், பருப்பு வகை இரண்டரை கிலோ என்றும் அவர்கள் அளவு சொல்கிறார்கள். மேலே போட்ட கணக்கோடு ஒப்பிட்டால் இது முழு வயிற்றுக்குப் போதாது, உயிர் தாங்கும் அளவுதான். ஆனால் அவர்கள் அதை மட்டும் நம்பி இல்லை. மாதம் ஒருமுறை இரண்டு வேளை உண்ணாமல் இருந்து அந்தச் சாப்பாட்டுக் காசை ஏழைகளுக்கென்று சபையிடம் கொடுக்கிறார்கள். இல்லாதவர்களுக்கு எடுத்துக் கொடுக்க சபைக்குச் சொந்தக் களஞ்சியங்கள் இருக்கின்றன. மதம் பிடிக்கிறதோ இல்லையோ, இந்தக் கணக்கு சரியான கணக்கு. அடுக்கி வைப்பது, சாப்பிடுவது, கொடுப்பது மூன்றும் ஒரே சுழற்சியில் ஓடுகின்றன. நெருக்கடி வராவிட்டாலும் ஒரு டப்பாகூட வீணாகாது. வேலை போன குடும்பத்துக்கு அதுவே நெருக்கடிதானே? அன்றைக்கே உதவும்.

இவ்வளவு சொன்னதால் மலைக்கே போகக் கூடாது என்று அர்த்தமில்லை. போகிறவர் முழு வாழ்க்கையோடு போகட்டும். தோட்டம் முதல் வருடம் ஏமாற்றும், இரண்டாம் வருடம் பூச்சி தின்னும், மூன்றாம் வருடம் கொஞ்சம் பிடிபடும். அதை நெருக்கடி வந்த பிறகு கற்றுக்கொள்ள முடியாது. விடுமுறைக்கு மட்டும் திறக்கிற வீட்டில் விளைந்த உருளைக்கிழங்கை மான் தின்றுவிட்டுப் போகும், அவ்வளவுதான் மகசூல்.

அதுவும் இப்போது அங்கே போகிறவருக்கு இன்னொரு சிக்கல். கூட்டம் வராது என்று ராவல்ஸ் காட்டிய ஐடஹோவுக்கே கூட்டம் வந்துவிட்டது. 2020 ஜூலையிலிருந்து 2021 ஜூலை வரை மக்கள்தொகை அமெரிக்காவிலேயே மிக வேகமாக வளர்ந்த மாநிலம் அதுதான், ஒரே வருடத்தில் சுமார் 2.9 சதவீதம். நிலம் வீடு விலை ஏறியதில், அங்கேயே பிறந்து வளர்ந்த இளம் குடும்பங்கள் பலவற்றுக்குச் சொந்த ஊரில் வீடு எட்டாக்கனி ஆனது. விறகு வெட்டவும் கிணறு தோண்டவும் மாடு பார்க்கவும் தெரிந்தவர்கள் அவர்கள்தான். புதிதாகப் போய் இறங்குகிறவர் முதல் மாதமே கேமராவும் கம்பி வேலியும் போடுவதற்கு முன்னால், அந்த ஊர்த் தன்னார்வத் தீயணைப்பு நிலையத்துக்குப் போய்ப் பெயர் கொடுத்துப் பார்க்கலாம். அமெரிக்கக் கிராமப்புறத்தில் அந்த நிலையங்களுக்கு எப்போதும் ஆள் பற்றாக்குறைதான். பயிற்சியும் அவர்களே கொடுப்பார்கள்.